உறைநார்: ஃபைப்ரினை ‘நார்ச்சத்து’ ஆக்காதீர்கள்

“பல் எடுத்த குழியில் உள்ள ஓட்டை நார்ச்சத்துப் பசை கொண்டு மூடப்படும்.” அறுவைக்கு முன் கையெழுத்து வாங்கும் ஒப்புதல் தாள்களில் இந்த வாக்கியமும் இதன் உடன்பிறப்புகளும் அடிக்கடி கண்ணில் படுகின்றன. குன்னூர்ப் பக்கம் கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா இதைப் படித்துவிட்டு, “ஏங்க டாக்டர், கீரையா வச்சு அடைப்பீங்க?” என்று கேட்டால் தப்பு அவருடையது இல்லை. நார்ச்சத்து என்றால் கீரை, வாழைத்தண்டு, ராகி என்றுதான் தமிழ்நாடு முழுக்க அர்த்தம். அது செடிகொடியில் இருக்கும், குடலில் செரிக்காத கார்போஹைட்ரேட். தாள் சொல்ல வந்த ஃபைப்ரினோ இரத்தத்திலிருந்து வரும் புரதம். ஒன்று தட்டில் இருப்பது, மற்றது காயத்தில் உண்டாவது. இரண்டுக்கும் பொதுவானது இலத்தீன் வேர் மட்டும்.

அந்த வேர் ‘ஃபைப்ரா’: நார், இழை. அதோடு ‘இன்’ விகுதி சேர்ந்து ஃபைப்ரின் ஆனது. பிறப்புக் கதை இவ்வளவுதான். பொருள்தான் முக்கியம். ஓடும் இரத்தத்தில் ஃபைப்ரின் இல்லை. ஃபைப்ரினோஜன் என்ற கரைந்த புரதம் 100 மில்லி பிளாஸ்மாவில் (அணுக்கள் நீங்கிய இரத்த நீரில்) 200 முதல் 400 மில்லிகிராம் வரை இருக்கிறது. காயம் பட்டதும் த்ராம்பின் என்னும் நொதி அதன் நுனிகளை வெட்டிவிடும். வெட்டுப்பட்ட துண்டுகள் ஒன்றோடொன்று கோத்து இழையாகும், இழைகள் பின்னி வலையாகும், பதின்மூன்றாம் உறைகாரணி அந்த வலையை இறுக்கிக் கட்டும். அந்த வலையில் தட்டணுக்களும் சிவப்பணுக்களும் சிக்கிக்கொள்வதுதான் நாம் இரத்தக்கட்டி என்பது. ஆக, உறையும்போது உண்டாகும் நார் அது.

அதனால்தான் ‘உறைநார்’ என்கிறேன். நீலகிரியில் இந்தச் சொல்லமைப்பை விளக்க வேண்டியதே இல்லை. மார்கழி, தை மாதக் காலையில் தலைகுந்தா புல்வெளியில் வெள்ளையாகக் கிடப்பதை எல்லோரும் உறைபனி என்றுதான் சொல்கிறார்கள். உறைந்த, உறைகிற, உறையும் பனி. அதே வினைத்தொகைதான் உறைநாரிலும்.

போட்டிச் சொற்கள் மூன்று. முதலாவது ‘இழைமம்’. பார்க்க அழகாக இருக்கிறது, கையில் எடுத்தால் நழுவுகிறது. இலங்கைப் பாடநூல்களில் ‘இழையம்’ என்பது திசு. ‘இழைமப் பசை’ என்று அச்சிட்டால் யாழ்ப்பாணத்து வாசகர் திசுப் பசை என்று எடுத்துக்கொள்வார், அதுவும் புழக்கத்தில் உள்ள வேறொரு பொருள்தான். தமிழ்நாட்டு நோயாளிக்கோ இழை என்றால் தையல் நூல். தையலும் போட்டு இழைமமும் வைக்கிற சிகிச்சையில் இரண்டையும் குழப்பிக்கொள்ள நாமே வழி செய்கிறோம். ஓர் எழுத்து மாறினால் வேறு பொருளாகும் சொல்லை, அவசரமாகப் படித்துக் கையெழுத்துப் போடும் தாளில் வைக்கக் கூடாது.

இரண்டாவது ‘குருதிநார்’. தூய தமிழ்தான், நார்ச்சத்தைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் இரத்தத்துக்குள் நார் மிதந்துகொண்டிருக்கிறது என்ற எண்ணத்தை அது தருகிறது. அப்படி மிதந்தால் அது ஆபத்து, நோய். ஓட்டத்தில் இல்லாமல் உறைதலில் தோன்றுவதுதான் இந்தப் பொருளின் உயிர்நாடி. குருதிநார் அதை விட்டுவிடுகிறது. தூய்மைக்காகத் தெளிவை விலையாகக் கொடுப்பதை நான் ஏற்பதில்லை. மூன்றாவது, ‘ஃபைப்ரின்’ என்றே எழுதிவிடுவது. மருத்துவர்கள் தமக்குள் எழுதும் குறிப்பில் சரி. நோயாளிக்கு அது வெறும் ஓசை.

உறைநாருக்கும் ஒரு மறுப்பு உண்டு. உறை என்றால் தலையணை உறை, கத்தியின் உறை என்றும் பொருள் வருமே என்பார்கள். வரும். உறைமோரில் பாலை உறையவைப்பதே மோர்தான், நாரோ உறைய வைப்பதில்லை, உறைதலில் பிறப்பது என்றும் இலக்கணம் காட்டலாம். வினைத்தொகை இத்தனை உறவுகளையும் தாங்கும், இடம் பார்த்துப் பொருள் கொள்வது தமிழ் வாசகருக்குப் பழக்கம். மூடும் நார் என்றே ஒருவர் படித்துக்கொண்டாலும் அவருக்குக் கேடு ஒன்றும் வராது. கீரை என்று படித்தால்தான் வரும்.

ஏனென்றால் இது ஒப்புதல் சம்பந்தப்பட்ட விஷயம். உறைநார் இரண்டு வழிகளில் வாய்க்குள் வருகிறது, இரண்டுக்கும் வேறு வேறு ஒப்புதல் வேண்டும். கடையில் வாங்கும் உறைநார்ப் பசை, பலர் கொடுத்த பிளாஸ்மாவைச் சேர்த்துக் கிருமி நீக்கிச் செய்தது. இரட்டை ஊசிக்குழலின் ஒரு பக்கம் ஃபைப்ரினோஜன், மறுபக்கம் த்ராம்பினும் கால்சியமும். முனையில் கலந்ததும் உறையும். சில தயாரிப்புகளில் கட்டி சீக்கிரம் கரையாமல் தடுக்க, மாட்டிலிருந்து எடுத்த அப்ரோட்டினின் என்ற புரதம் சேர்ந்திருந்தது. ஒவ்வாமை உள்ளவருக்கும், மாட்டுப்பொருள் வேண்டாம் என்பவருக்கும் அது தெரிய வேண்டும். மற்றொன்று பிஆர்எஃப் (பிளேட்லெட் ரிச் ஃபைப்ரின்), பிரான்சில் மருத்துவர் ஷூக்ரூன் 2001இல் முன்வைத்த முறை. நோயாளியின் சொந்த இரத்தம் மட்டும், வேறு மருந்து எதுவும் கலப்பதில்லை. இதைத் ‘தட்டணு செறிந்த உறைநார்ச் சவ்வு’ என்று சொல்லலாம். டெங்கு வந்த ஊர்களில் தட்டணு என்ற சொல் தெரியாதவர் இல்லை. ‘நார்ச்சத்துப் பசை’ இந்த இரண்டு வழிகளையும் ஒன்றாக்கிவிடுகிறது: பிறர் இரத்தமா, தன் இரத்தமா என்பதே தாளில் இல்லை.

மூடப்படுவது எது? மேல் கடைவாய்ப் பற்களின் வேர்களுக்கு மேலே, மேல்தாடை எலும்புக்குள், காற்று நிறைந்த அறை ஒன்று இருக்கிறது. மருத்துவர் சைனஸ் என்பது இதைத்தான். “எனக்குச் சைனஸ் இருக்குங்க” என்று குளிர் மாதத்தில் ஊட்டியில் பாதிப் பேர் சொல்வார்கள். சைனஸ் எல்லோருக்கும் இருக்கிறது, அது நோயின் பெயர் அல்ல. ‘கன்னக் காற்றறை’ என்று எழுதினால் இந்தக் குழப்பம் ஒழியும். முதல், இரண்டாம் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கும்போது, இடையில் இருக்கும் மெல்லிய எலும்பும் வேரோடு பெயர்ந்து வந்தால் வாய்க்கும் காற்றறைக்கும் வழி திறந்துவிடும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல மூச்சை மூக்குப் பக்கம் தள்ளச் சொன்னால் குழியில் குமிழி வரும். குமிழி வரவில்லை என்பதற்காக ஓட்டை இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. கம்பி விட்டுத் துழாவினால் சிறிய திறப்பும் பெரிதாகிவிடும்.

திறப்பு 2 மில்லிமீட்டருக்குள் என்றால் இரத்தக்கட்டி கலையாமல் பார்த்துக்கொண்டாலே பெரும்பாலும் தானாக மூடும். 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் கன்னச் சதையிலிருந்தோ அண்ணத்திலிருந்தோ மடல் (ஒரு பக்கம் ஒட்டியிருக்க உரித்த சதைத் துண்டு) எடுத்து மூடுவதுதான் நெடுநாள் வழக்கம். இடைப்பட்ட அளவில் உறைநார்ச் சவ்வு நல்ல துணை. கன்ன மடலை இழுத்தால் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள பள்ளம் ஆழம் குறைந்து, பின்னால் பல்செட் பொருந்தாமல் போகும். சவ்வில் அந்தத் தொல்லை இல்லை.

சவ்வின் செய்முறையைச் சொல்லிவிடுகிறேன், ‘பசை’ என்ற சொல் சவ்வுக்கு ஏன் பொருந்தாது என்பதும் அதில் தெரியும். உறைவுத் தடுப்பி கலக்காத 9 அல்லது 10 மில்லி குழாய்களில் இரத்தம் எடுக்க வேண்டும். கை தவறி ஊதா மூடிக் குழாயை எடுத்தால் அதில் உறைவுத் தடுப்பியான இடிடிஏ இருக்கும், எவ்வளவு சுற்றினாலும் உறையாது. எடுத்த இரண்டு நிமிடத்துக்குள் சென்ட்ரிஃப்யூஜ் என்னும் சுழற்றும் பொறியில் வைத்து, பழைய முறைப்படி நிமிடத்துக்கு 2,700 சுற்று, 12 நிமிடம். இந்த எண்ணை எல்லாப் பொறிக்கும் அப்படியே வைக்க முடியாது: சுழலும் தட்டின் ஆரம் மாறினால் விசையும் மாறும். தாமதித்தால் குழாயிலேயே ஆங்காங்கே உறைந்து, ஒழுங்கான கட்டி கிடைக்காது. குளிரில் உறைதல் மெதுவாகும், ஆகவே தை மாதத்து ஊட்டி அறையில் வெறும் மேசையில் சில்லிட்டுக் கிடந்த குழாயை எடுக்காமல், வெதுவெதுப்பாக வைத்திருந்ததை எடுப்பது நல்லது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவரின் கட்டி தளர்வாக வரும்.

குழாயில் அடியில் சிவப்பு, மேலே மஞ்சள் நீர், நடுவில் வெளிர் மஞ்சள் உறைநார்க் கட்டி. இடுக்கியால் எடுத்துச் சிவப்பை வெட்டும்போது ஒரு மில்லிமீட்டர் அளவு சிவப்பை விட்டுவைக்க வேண்டும். தட்டணுக்கள் அந்த எல்லையில்தான் அதிகம். சுத்தமாக இருக்கட்டும் என்று முழுக்க வழித்தெடுப்பவர், எதற்காக இவ்வளவும் செய்தாரோ அதையே குப்பையில் போடுகிறார். பிறகு துளைத் தட்டுப் பெட்டியில் வைத்து அழுத்தினால் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனத்தில் சவ்வு கிடைக்கும். ஒரு கட்டியை அழுத்தாமல் குழிக்குள் தக்கையாக வைக்கலாம், காற்றறைக்குள் தள்ளிவிடாமல். மேலே இரண்டு மூன்று சவ்வை அடுக்கி, எட்டு வடிவத் தையல் போட்டு நிறுத்த வேண்டும். சவ்வு தானாக ஒட்டிக்கொண்டு நிற்காது. ‘பசை’ என்று எழுதிய தாளைப் படித்தவர் தையல் எதற்கு என்று கேட்பது இதனால்தான்.

காற்றறையில் சீழ் இருக்கும்போது மூடினால் எந்தச் சவ்வும் நிற்காது. முதலில் கழுவி, வடியும் நீர் தெளிந்த பிறகே மூட வேண்டும்.

இன்னொரு சொல்லையும் இங்கேயே தீர்த்துவிடலாம். புதிதாக ஏற்பட்டது ‘திறப்பு’. மூடாமல் நாள் கடந்து, வழியின் சுவரில் தோல் போன்ற படலம் வளர்ந்துவிட்டால் அது வேறு நிலை, அந்தப் படலத்தை வெட்டி எடுக்காமல் எதை வைத்தாலும் ஒட்டாது. இந்த இரண்டாம் நிலைக்கு அகராதியைப் பார்த்து ‘வாய்ப் பவுத்திரம்’ என்று எழுதுகிறார்கள். பவுத்திரம் என்றால் மக்களுக்கு ஆசனவாய் நோய்தான். அதை வாயோடு சேர்த்து எழுதுவது நோயாளியை அவமதிப்பது. தமிழில் ‘புரை’ இருக்கிறது: உட்துளை, உள்ளே ஓடும் புண்வழி. தண்ணீர் தப்பான பக்கம் போனால் புரையேறுகிறது என்கிறோம். குடித்த டீ மூக்கில் வருகிறது என்று சொல்லும் இந்த நோயாளிக்குப் ‘புரைவழி’ என்றால் உடனே விளங்கும்.

இப்படி எழுதுவோர் வாக்கியத்தைப் படிப்பதில்லை, சொல்லுக்குச் சொல் மாற்றுகிறார்கள். அறுவைக்குப் பிந்தைய அறிவுரைகளிலும் இதே கதை. “மூக்கை ஊதாதீர்கள்” என்று தமிழில் யார் சொல்கிறார்கள்? மூக்கைச் சிந்தாதீர்கள் என்று எழுதுங்கள். “தும்மாதீர்கள்” என்பது மனிதரால் முடியாத கட்டளை. தும்மலை அடக்கினால் அழுத்தம் முழுக்கத் தையலில் போய் விழும். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள் என்பதுதான் அறிவுரை. இரண்டு வாரம் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது, பீடி சிகரெட் கூடாது.

சமவெளியில் அச்சான தாளில் இல்லாத ஒன்றையும் மலையில் சேர்க்க வேண்டும். ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் 300 மீட்டரைச் சற்றுத் தாண்டும். கோவையில் மூடிவிட்டு அன்று மாலையே பஸ் ஏறினால், வீக்கத்தால் மூக்குப் பக்க வாசல் அடைபட்ட காற்றறைக்குள் சிக்கிய காற்று கால் பங்கு வரை விரியப் பார்க்கும், தையலைக் கீழே தள்ளும். இறங்கும்போது நேர்மாறாக, சவ்வை உள்ளே இழுக்கும். ஆகவே தாளின் கடைசி வரி இப்படி இருக்கட்டும்: “முதல் சில நாள் மலை ஏறி இறங்குவதைத் தவிருங்கள். தவிர்க்க முடியாவிட்டால், கிளம்பும் முன் டாக்டரிடம் கேட்டு மூக்கடைப்புச் சொட்டு மருந்து விட்டுக்கொள்ளுங்கள்.”