பள்ளிக் குப்பையைத் தார்ப்பாயில் கொட்டிப் பார்த்த பிறகு

ஒவ்வோர் ஆண்டும் உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5ஆம் தேதி எங்கள் பள்ளியில் மரக்கன்று நடுவோம், உறுதிமொழி எடுப்போம், பிளாஸ்டிக் ஒழிப்புப் பேரணிக்கு ஃபிளெக்ஸ் பதாகை அடித்துப் பிடித்துச் செல்வோம். பள்ளிகளில் சுற்றுச்சூழல் மன்றங்களை நடத்தும் தேசிய பசுமைப் படையின் பொறுப்பாசிரியராகப் பல ஆண்டுகள் இதைச் செய்து முடித்த பின்புதான், முந்தைய ஆண்டு நட்ட கன்றுகளில் எத்தனை பிழைத்தன என்று எண்ணிப் பார்க்கத் தோன்றியது. ஒரு கை விரல்களே போதுமானவையாக இருந்தன. வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் எங்கள் பகுதியில், வெயில் தணியாத ஜூன் மாதத்தில் நடும் கன்றுக்கு மழை வரும்வரை குடத்தில் நீர் சுமக்க வேண்டும். புரட்டாசிக் கடைசியில் நட்டால் பாதி வேலையை மழையே பார்த்துக்கொள்ளும். ஆகவே விழாவை ஜூனிலேயே விட்டுவிட்டு, நடவை அக்டோபருக்குத் தள்ளினோம்.

உண்மையான மாற்றம் தொடங்கியது ஒரு வெள்ளிக்கிழமை மாலையில். அன்று முழுவதும் சேர்ந்த குப்பையைச் சுற்றுச்சூழல் மன்ற மாணவர்கள் கையுறை அணிந்து தார்ப்பாயில் கொட்டி, வகை பிரித்து, பழைய இரும்புக் கடையிலிருந்து இரவல் வாங்கிய தராசில் நிறுத்தார்கள். எடையில் பாதிக்கு மேல் சத்துணவுக் கூடத்துக் காய்கறித் தோல், மிஞ்சிய சோறு, மென்று துப்பிய முருங்கைச் சக்கை, முட்டை ஓடு. எண்ணிக்கையில் முந்தியவை மிட்டாய்த் தாள்கள், சிப்ஸ் உறைகள், எழுதித் தீர்ந்த பேனாக்கள். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி பேனாக்களை மட்டும் தனியே எடுத்து நுனியோடு நுனி அடுக்கினாள். வரிசை தார்ப்பாயின் ஒரு கரையிலிருந்து மறு கரையைத் தொட்டது.

மறுநாளே மூன்று நிறத் தொட்டிகள் வாங்கிவிட வேண்டும் என்று நான் துடித்தபோது, எங்கள் தூய்மைப் பணியாளர் அக்கா கேட்ட கேள்வி என்னை நிறுத்தியது. "பசங்க பிரிச்சுப் போட்டா எனக்கு வேலை குறையும் சார். ஆனா பிரிச்சதை நான் எங்க கொண்டுபோய்க் கொட்டுறது?" மக்கும் குப்பை, மக்காத குப்பை, அபாயக் கழிவு எனத் தனித்தனியே வைக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன, ஆனால் தொட்டிக்கு அப்பால் அந்தக் குப்பை போகும் வழியை யோசிக்காமல் வாங்கப்படும் வண்ணத் தொட்டிகள், நான் பார்த்தவரை, மூன்றே மாதங்களில் ஒரே குப்பைமேட்டில்தான் கவிழ்க்கப்படுகின்றன. எனவே தொட்டிக்கு முன் வழியைத் தேடினோம். காகிதம் பழைய கடைக்கு. சிப்ஸ் உறை நீங்கலாக மக்காத குப்பை, ஊராட்சித் தூய்மைக் காவலர் வரும் நாளில் அவர் கைக்கு. ஈரக் கழிவு எங்கள் வளாகத்துக்குள்ளேயே உரக்குழிக்கு.

உரக்குழி முதலில் படுதோல்வி. சோற்றையும் சாம்பாரையும் அப்படியே கொட்டியதால் காற்றுப் புகாமல் அழுகி, புழு நெளிந்து, நாற்றம் எட்டாம் வகுப்பு வரை வந்து, குழியை மூடச் சொல்லி உத்தரவும் வந்துவிட்டது. அதே வேளையில், பள்ளியின் பின்புறம் தினமும் காலையில் வேப்பிலைச் சருகையும் புங்கஞ்சருகையும் கூட்டிக் குவித்துத் தீ வைத்துக்கொண்டிருந்தோம் என்பதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. நோய்க்கு மருந்து கொல்லையிலேயே எரிந்துகொண்டிருந்தது. ஒரு கூடை ஈரக் கழிவுக்கு மூன்று கூடை சருகு எனப் போட்டு, முட்டை ஓட்டை நொறுக்கித் தூவி, வாரம் ஒருமுறை கிளறிவிட்டதும் நாற்றம் அடங்கியது. இரண்டு மாதம் கழிந்தபோது கையில் அள்ளினால் மண்வாசனை வந்தது. புகையும் நின்றது.

தண்ணீர்க் கணக்கு இதைவிட எளிது. 100 சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 100 லிட்டர். எங்கள் கட்டடத்தின் 300 சதுர மீட்டர் மாடியில் 30 மில்லிமீட்டர் மழைக்கு 9,000 லிட்டர். ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தாலும் ஒரு டேங்கர் லாரி அளவு நீர். தமிழகத்தில் 2003ஆம் ஆண்டிலேயே மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதால் எங்களிடமும் குழாய் இருந்தது. ஆனால் அது மழைநீர்க் குழியை எட்டாமல் ஓர் அடி மேலே தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு முழங்கைக் குழாயும் ஒரு மாலை நேர உழைப்புமே அதற்குத் தேவைப்பட்டன. மழைக்காலத்துக்கு முன் மாடியைக் கூட்டுவதும் வடிகட்டி மணலைக் கழுவுவதும் இப்போது ஒன்பதாம் வகுப்பின் பொறுப்பு. தட்டுக் கழுவும் இடத்துச் சாக்கடை, சோற்றுப் பருக்கையைப் பிடிக்க ஒரு வலை கட்டிய பின், வாழைக்குழிக்குப் போகிறது.

பெற்றோரிடம்தான் நெடுநேரம் பேச வேண்டியிருந்தது. பிறந்தநாளுக்குப் பொட்டலச் சாக்லேட் கொடுக்க வேண்டாம், டப்பாவில் கடலைமிட்டாய் கொண்டுவரலாம் என்றதும், "எம்புள்ள மட்டும் கஞ்சம்னு பேர் வாங்கணுமா?" என்று ஓர் அம்மா கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆசிரியர்கள் நாங்கள் எங்கள் பிறந்தநாள்களுக்கு முதலில் டப்பாவைத் தூக்கிவந்த பிறகே அந்தப் பேச்சு தணிந்தது.

சிப்ஸ் உறைக்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை. பல அடுக்குப் படலம் என்பதால் பழைய கடைக்காரர் அதைத் தொடுவதில்லை. வாசல் கடைக்காரரிடம் பேசி அவித்த கடலை வைக்கச் சொல்லியிருக்கிறோம். அவர் ஒரு வாரம் பார்க்கிறேன் என்றிருக்கிறார். அடுத்த முறை தார்ப்பாயை விரிக்கும்போது அந்தக் குவியலைத்தான் முதலில் நிறுக்கப்போகிறோம்.