புனைவு ஒளிப்படம்: ஒரு சொல் விளக்கம்

ஒருவர் தலையில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு அசையாமல் நிற்கிறார். அதைப் படம் பிடிக்கிறார்கள். அங்கே தற்செயல் என்று எதுவும் இல்லை. வாளியும் ஆளும் நிற்கும் விதமும் படத்துக்காகவே ஏற்பாடு செய்யப்பட்டவை. இந்தக் கலைவகையைத்தான் ‘ஸ்டேஜ்டு போட்டோகிராபி’ என்கிறார்கள்.

‘ஸ்டேஜ்’ என்ற சொல்லின் வேர் லத்தீன். ‘ஸ்தாரே’ என்றால் நிற்றல். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, நிற்கும் இடம், தளம் என்றெல்லாம் பொருள் மாறி, கடைசியில் நடிகர்களின் மேடையானது. இதற்கு உறவான இன்னொரு சொல் பிரெஞ்சில் உண்டு: ‘டாப்லோ விவான்’, அதாவது உயிருள்ள ஓவியம். ஆட்கள் வேடமிட்டு, ஓவியத்தில் இருப்பதுபோல் ஆடாமல் அசையாமல் நிற்பது. கேமரா வருவதற்கு முன்பே இது பெயர்பெற்ற பொழுதுபோக்கு.

கேமரா வந்ததுமே புனைவும் வந்துவிட்டது. ஒளிப்படக் கலை கண்டுபிடிப்பின் பெருமை முழுக்க டாகேர் என்ற பிரெஞ்சுக்காரருக்குப் போனதில், தானும் ஒரு படமெடுக்கும் முறையைக் கண்டுபிடித்திருந்த ஹிப்போலித் பயார் மனம் நொந்து, 1840இல் தன்னையே நீரில் மூழ்கி இறந்தவராகப் படம் எடுத்தார். இடுப்பில் துணி, மூடிய கண்கள், பக்கத்தில் ஒரு வைக்கோல் தொப்பி. வெயிலில் கறுத்த முகமும் கைகளும் பிணம் அழுகத் தொடங்கியதற்கு அடையாளம் என்று படத்தின் பின்புறம் எழுதியும் வைத்தார். உடலும் கைக்குக் கிடைத்த பொருளும் சேர்ந்தால் ஒரு வாதத்தையே முன்வைக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை. விமர்சகர் ஏ. டி. கோல்மன் இந்தப் போக்குக்கு ‘இயக்குநர் பாணி’ என்று பெயர் வைத்து எழுதியது 1976இல்தான்.

வீட்டுப் பொருள்களுக்கு இதில் தனி இடம் உண்டு. ஆஸ்திரியக் கலைஞர் பிர்கிட் யூர்கென்சன் 1975இல் எடுத்த படத்தில், சமையல் ஏப்ரன் கட்டும் இடத்தில் ஒரு அடுப்பையே கழுத்திலிருந்து மாட்டிக்கொண்டு நிற்கிறார். அடுப்பின் கதவு திறந்திருக்கிறது, உள்ளே ரொட்டி. வயிறு இருக்கவேண்டிய இடத்தில் அடுப்பு என்று கண்ணில் பட்ட பிறகு, அந்தப் படத்துக்கு விளக்கவுரை வேண்டியதில்லை. அதே நாட்டின் எர்வின் வூர்ம் ‘ஒரு நிமிடச் சிற்பங்கள்’ என்று செய்கிறார். வாளி, நாற்காலி, பேனா போன்ற பொருள்களோடு உடலை விநோதமான நிலையில் சிறிது நேரம் நிறுத்திவைப்பார். நிமிடம் முடிந்ததும் சிற்பம் கலைந்துவிடும், படம்தான் மிச்சம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? பேச்சில் ‘செட்டப் போட்டோ’ என்கிறோம். ஆனால் ‘செட்டப்’ என்றதும் ஏமாற்று வாடை வந்துவிடுகிறது. செய்திப்படத்தில் காட்சியை ஜோடித்தால் அது ஏமாற்று. இங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ‘மேடை ஒளிப்படம்’ என்றால் விழா மேடையில் எடுத்த படம் என்றே தோன்றும். ‘அரங்கேற்றப் படம்’ என்றால் நாட்டிய அரங்கேற்றம் நினைவுக்கு வரும். ‘கற்பனைப் படம்’ என்பதும் சரியில்லை. அடுப்பை மாட்டிக்கொண்டு அந்தப் பெண் உண்மையிலேயே நின்றாரே!

என் தேர்வு ‘புனைவு ஒளிப்படம்’. ‘புனை’ என்பதற்கு அணிதல், அலங்கரித்தல், கையால் செய்தல், கதை கட்டுதல் என எல்லாப் பொருளும் உண்டு. இந்தக் கலை செய்வதும் இவை எல்லாவற்றையும்தான். படத்தோடு இந்தச் சொல்லுக்கு உறவும் பழையது. நெடுநல்வாடையில் அணிகளைக் களைந்திருக்கும் அரசியைப் ‘புனையா ஓவியம்’ போன்றவள் என்கிறார் புலவர். வண்ணம் தீட்டாத கோட்டோவியம் என்று பொருள். புனையாத படத்துக்குச் சொல் இருக்கும்போது, புனைந்த படத்துக்கு ஏன் வேறெங்கோ தேட வேண்டும்?

இன்னொரு வசதியும் உண்டு. இத்தகைய படத்தில் காட்சியை அமைத்தவர் ஒருவராகவும் ஷட்டரை அழுத்தியவர் வேறொருவராகவும் இருக்கலாம். படக்குறிப்பில் ‘புனைந்தவர்’, ‘எடுத்தவர்’ என்று இரண்டு பெயர்களையும் தனித்தனியே போடலாம். அப்போது அடுப்பைச் சுமந்து நின்றவரின் பங்கு விடுபட்டுப் போகாது.