செக் புத்தகம் கேட்டால் "கூட ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க" என்கிறார்களா?

மும்பையில் டிசம்பர் 3 (மாற்றுத்திறனாளிகள் தினம்), ஜனவரி 4 (பிரெய்ல் தினம்) என்று நாள் பார்த்துப் பார்வையற்றோர் கூடும்போது, வேலை ஒதுக்கீடு, லோக்கல் ரயில் பெட்டி எல்லாம் பேசி முடித்தபின் பேங்க் பேச்சு வந்துவிடும். தாராவியோ மாட்டுங்காவோ, தனியாகப் போய்க் கணக்கு கேட்டால் பல கிளைகளில் ஒரே பதில்தான்: "வீட்டுல யாரையாவது சேர்த்து ஜாயின்ட் அக்கவுன்ட் போடுங்க. செக் புக் எல்லாம் எதுக்கு?" அக்கறையாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அப்படிக் கட்டாயப்படுத்த அவர்களுக்கு இடமில்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 2017 ஏப்ரல் 19 முதல் நடப்பில் இருக்கிறது. தன் பணத்தைத் தானே நிர்வகிப்பதும், மற்றவர்களைப் போலவே வங்கிக் கடன் பெறுவதும் உரிமை என்கிறது அதன் 13-வது பிரிவு. அதற்கும் முன்பே, 2008 ஜூன் 4 தேதியிட்ட சுற்றறிக்கையில் ரிசர்வ் வங்கி இதை வரிசையாகச் சொல்லிவிட்டது. செக் புத்தகம் (மூன்றாம் நபருக்குக் கொடுக்கும் செக் உட்பட), ஏடிஎம், நெட் பேங்கிங், லாக்கர், சில்லறைக் கடன், கிரெடிட் கார்டு, எதையும் பார்வையின்மையைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது. 2015 ஜூலை 1-ன் வாடிக்கையாளர் சேவைத் தொகுப்பிலும் இதையே திரும்பச் சொன்னது.

பிறகு ஏன் மறுக்கிறார்கள்? "நான் எதில் கையெழுத்துப் போட்டேன் என்றே தெரியாது" என்று வாடிக்கையாளர் நாளைக்கு வழக்குப் போட்டால் என்ன செய்வது என்ற பயம். 1872-ன் ஒப்பந்தச் சட்டம் 11-வது பிரிவு கேட்பது மூன்றுதான்: வயது, தெளிந்த மனநிலை, வேறு சட்டத்தால் தடை இல்லாமை. கண் பார்வை அதில் இல்லை. பயத்துக்கு மருந்து, விதிமுறைகளை உங்களுக்குப் புரியும் மொழியில் படித்துக் காட்டச் சொல்வது. படிவம் மராத்தி, இந்தி, ஆங்கிலத்தில் இருக்கும். தமிழ் தெரிந்த ஊழியர் அங்கே இல்லையென்றால் நம்பிக்கையான ஒருவரை அழைத்துப் போகலாம், படிப்பதற்கு மட்டும். கணக்கில் அவர் பெயர் ஏற வேண்டியதில்லை.

கையெழுத்துப் போட வரும் என்றால் கைநாட்டுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். கைநாட்டுக் கணக்கு என்றால் பணம் எடுக்கவே நேரில் போய் நிற்க வேண்டிவரும். கையெழுத்து மாறிப்போய் செக் திரும்புவதுதான் பெரிய தொல்லை. பழைய பிளாஸ்டிக் கார்டில் விரல் நீளத்துக்கு, ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு ஜன்னல் வெட்டி, அதற்குள் போட்டுப் பழகுங்கள். மாதிரிக் கையெழுத்துப் போடும் நாளிலேயே அதே கார்டை வைத்துப் போட்டால்தான் அளவு மாறாது.

செக் எழுதவும் இதே வழிதான். செக் சுமார் 20 செ.மீ. நீளம், 9 செ.மீ. அகலம். அதே அளவில் கெட்டி அட்டை வெட்டி, தேதி, பெயர், தொகை, கையெழுத்து வரும் இடங்களில் ஜன்னல் போட்டு, இடது மேல் மூலையைச் சற்றே கத்தரித்துவிட்டால் தலைகீழாக வைக்க மாட்டீர்கள். கீழே எண்கள் அச்சான பட்டையில் பேனா படவே கூடாது. பெயரிலோ தொகையிலோ அடித்தல் திருத்தல் இருந்தால் செக் செல்லாது, புதிதாக எழுத வேண்டியதுதான். கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக்கை உதவிக்கு வருபவரிடம் கொடுத்து வைப்பது, எவ்வளவு நெருங்கியவரானாலும், வேண்டாம்.

2014 ஜூலை 1 முதல் புதிதாக வைக்கும் எல்லா ஏடிஎம்களும் பேச வேண்டும், பிரெய்ல் விசைகளும் இருக்க வேண்டும். குரல் வர இயர்போன் செருக வேண்டும். 3.5 மி.மீ. முள் உள்ள பழைய வகைதான் சேரும், புளூடூத் உதவாது. '5' விசையில் ஒரு புள்ளி மேடாக இருக்கும், அங்கிருந்து மற்ற எண்களைப் பிடிக்கலாம். ரத்து செய்யும் விசையில் பெருக்கல் குறி, உறுதி செய்யும் விசையில் வட்டம். துளையில் தூசி அடைத்துக் குரல் வராவிட்டால், இயந்திரத்தின் அடையாள எண்ணைக் குறித்துக்கொண்டு புகார் கொடுங்கள்.

கைக்கு வந்த நோட்டு சரிதானா? 100-க்கும் 200-க்கும் நீளத்தில் 4 மி.மீ.தான் வித்தியாசம், 200-க்கும் 500-க்கும் அதேதான். ஓரத்தில் தடவினால் 100-ல் 4 கோடுகள், 200-ல் 4 கோடுகளோடு 2 வட்டம், 500-ல் 5 கோடுகள். நைந்த நோட்டில் கோடு கைக்குத் தட்டாது. அதற்கு ரிசர்வ் வங்கியின் 'மணி' செயலி இருக்கிறது, இணையம் இல்லாமலும் வேலை செய்யும், தமிழிலும் சொல்லும்.

ஆன்லைனில் கணக்கு தொடங்கும்போது, கேமராவில் ஆளைச் சரிபார்க்க "கண்ணைச் சிமிட்டுங்கள்" என்று கேட்டு நின்றுபோகிறதா? 2025 ஏப்ரல் 30 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் அணுகல் வாழ்வுரிமையின் பகுதி என்று சொல்லி, சிமிட்டலுக்கு மாற்றுவழி தரச் சொல்லியிருக்கிறது.

கிளையில் மறுத்தால் வாயால் வாதாட வேண்டாம். "செக் புத்தகம் மறுக்கும் காரணத்தை எழுத்தில் தரவும்" என்று ஆங்கிலத்தில் இரண்டு வரிக் கடிதம் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். பலருக்கு இந்த இடத்திலேயே வேலை முடிந்துவிடும், ஏனென்றால் எழுதிக் கொடுக்க எந்த மேலாளரும் விரும்ப மாட்டார். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு ஆன்லைனில் இலவசமாகப் புகார் செய்யலாம். உதவி எண் 14448. அந்த முத்திரை நகல் இல்லாமல் போனால், வங்கியிடம் முதலில் கேட்கவே இல்லை என்று தள்ளிவிடுவார்கள். உரிமைச் சட்டத்தின்படி மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடமும் போகலாம். மகாராஷ்டிராவுக்கானவர் இருப்பது மும்பையில் இல்லை, புனேயில். தேசியமயமாக்கப்பட்ட வங்கி என்றால் டெல்லியில் உள்ள தலைமை ஆணையருக்கு எழுதுங்கள்.