அசைய மறுக்கும் போல்ட்

பழைய கார்களுக்கான வொர்க்‌ஷாப் கையேடுகளைப் புரட்டினால், ஏறக்குறைய ஒவ்வொரு பகுதியும் ஒரே வரியில்தான் முடியும்: திரும்ப மாட்டும்போது, கழற்றிய வரிசையைப் பின்னாலிருந்து செய்யவும். அதை எழுதியவர் முன்னால் நின்றது தொழிற்சாலையிலிருந்து அப்போதுதான் வந்த கார். வீட்டில் புதுப்பிக்க நினைப்பவர் முன்னால் நிற்பதோ ஐம்பது வருஷ மழையைக் குடித்த கார். அன்று அரை நிமிஷத்தில் உள்ளே போன போல்ட், இன்று வெளியே வர அரை நாள் கேட்கும். சிலது வரவே வராது. தலை மட்டும் உடைந்து ஸ்பேனரோடு கையில் வந்து நிற்கும்.

துரு பிடித்து ஒட்டிக்கொண்டது என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அந்தச் சின்ன மரைக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால், எந்தப் போல்ட்டிடம் பொறுமை காட்டவேண்டும், எதைச் சூடாக்கவேண்டும், எதை மரியாதையாக அறுத்து எடுத்துவிடவேண்டும் என்பது பிடிபடும்.

முதலில் போல்ட் என்பது என்ன? பார்க்க ஆணி மாதிரி இருந்தாலும் அது ஒரு ஸ்பிரிங். முறுக்கும்போது அது இழுபட்டு நீள்கிறது. பழைய நீளத்துக்குத் திரும்பத் துடிக்கும் அந்த இழுவிசைதான் இரண்டு தகடுகளையும் சேர்த்துப் பிடிக்கிறது. பென்சில் பருமனே உள்ள 8 மில்லிமீட்டர் போல்ட்டைச் சரியாக முறுக்கினால் சுமார் ஒன்றரை டன் எடைக்கு ஈடான விசையில் அது அழுத்திப் பிடிக்கும். அதற்காக அது நீளும் அளவு, ஐந்து சென்டிமீட்டர் போல்ட்டில், ஒரு தலைமுடியின் தடிமனை ஒட்டித்தான் இருக்கும்.

இதில் வேடிக்கை, நாம் ஸ்பேனரில் கொடுக்கும் முறுக்கில் பத்தில் ஒரு பங்குதான் இப்படிப் பிடிமானமாக மாறுகிறது. ஏறக்குறைய பாதி, போல்ட் தலைக்கும் வாஷருக்கும் நடுவே உராய்விலேயே போய்விடும். மீதி மரைகளின் உராய்வில். நன்றாக எண்ணெய் கண்ட புதுப் போல்ட்டின் கணக்கு இது. மரையில் துரு ஏறிவிட்டால் உராய்வு என்கிற இந்தப் பெரிய பங்கு இன்னும் பெரிதாகிவிடும்.

அந்தத் துரு சும்மா மேலே படிகிற தூசி கிடையாது. இரும்பு ஆக்சிஜனோடும் தண்ணீரோடும் சேர்ந்து ஆக்சைடாக மாறும்போது அதன் கன அளவு குறைந்தது இரண்டு மடங்காகிறது; நீர் சேர்ந்த வகைகளில் அதைவிடவும் அதிகம். வெளியே இருக்கும் தகட்டில் இது நடந்தால் பெயின்ட் கொப்பளித்து உதிரும், அவ்வளவுதான். மரைக்குள் உதிர்வதற்கு இடம் இல்லை. போல்ட்டுக்கும் நட்டுக்கும் நடுவே இருந்த நூலிழை இடைவெளியில் துரு வளர்ந்து, இரண்டு பக்கமும் நெட்டித் தள்ளி, ஆப்பு அடித்த மாதிரி இறுகிவிடுகிறது. போதாததற்கு, இந்தக் குறுகிய சந்துக்குள் போன தண்ணீர் சீக்கிரம் காய்வதில்லை. உள்ளே ஆக்சிஜன் குறைவு, வாயில் அதிகம். இந்த ஏற்றத்தாழ்வே ஒரு சின்ன மின்கலம் மாதிரி வேலை செய்து உள்பக்க இரும்பை அரிக்கும். வெளியே பளபளப்பாகத் தெரியும் போல்ட் உள்ளே பாதியாகத் தேய்ந்திருப்பது இதனால்தான்.

சரி, எதிரி யார் என்று தெரிந்துவிட்டது. இப்போது பலரும் செய்கிற முதல் தவறு, ஸ்பேனரின் பின்னால் நீளமான பைப்பைச் செருகி ஏறி நிற்பது. அதற்கும் இடம் உண்டு. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் பின் ஆக்ஸில் நட் 36 மில்லிமீட்டர். தொழிற்சாலையிலேயே அதைச் சுமார் 300 நியூட்டன் மீட்டர் அளவுக்கு முறுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் முப்பது கிலோ தொங்கவிடுவதற்குச் சமம் அது. அங்கே பைப் தேவைதான். ஆனால் 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு முறையான முறுக்கே 10 நியூட்டன் மீட்டர்தான். சாதாரண ஸ்பேனரை ஒரு கையால் வேகமாக இழுத்தாலே அதைப்போலப் பல மடங்கு போய்விடும். நான் முதன்முதலில் மட்கார்டு கழற்ற உட்கார்ந்த நாளில் பதினோரு போல்ட்டில் ஏழின் தலையை இப்படித்தான் பறித்தேன். உடையும் முன் ஒரு நொடி அது வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு திரும்பும். ஆஹா, வந்துவிட்டது என்று நினைக்கிற அந்த நொடியில்தான் போல்ட் முறுக்கிக்கொண்டு அறுந்துகொண்டிருக்கிறது.

பலத்துக்கு முன்னால் எண்ணெய். ஊடுருவும் எண்ணெய் மரைக்குள் ஏறுவது, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறும் அதே நுண்புழை விசையால். சந்து எவ்வளவு குறுகலோ அவ்வளவு பலமாக அந்த விசை உள்ளே இழுக்கும். ஆனால் குறுகல் கூடக்கூட வேகம் குறையும். அதனால்தான் அடித்துவிட்டு உடனே திருகுவதில் பலனில்லை. இன்று மாலை, நாளை காலை, மறுபடி மாலை என்று ஊற்றி, ஒவ்வொரு தடவையும் சுத்தியலால் தலையில் லேசாகத் தட்டிவிட்டுப் போகவேண்டும். தட்டுகிற அதிர்வில் துருவில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும், எண்ணெய்க்கு வழி கிடைக்கும். எல்லார் வீட்டிலும் இருக்கும் டபிள்யூடி-40 பற்றி ஒரு வார்த்தை: 1953-இல் சான் டியேகோவில் அது பிறந்தது தண்ணீரை விரட்டத்தான், அட்லஸ் ராக்கெட்டின் வெளித்தகடு துருப்பிடிக்காமல் காப்பது அதன் வேலை. நாற்பதாவது முயற்சியில் சரியாக வந்ததால் பெயரில் 40. இறுகிய போல்ட்டுக்கு அதற்கென்றே செய்த, இன்னும் மெல்லிய எண்ணெய்கள் உண்டு. நான் அவற்றைத்தான் எடுப்பேன்.

எண்ணெய் தோற்ற இடத்தில் நெருப்பு. நட்டைச் சூடாக்கினால் அதன் ஓட்டை சுருங்குமா, பெரிதாகுமா என்று கேட்டால் பாதிப் பேர் சுருங்கும் என்பார்கள். உலோகம் உள்பக்கமும் விரியும்தானே என்பது அவர்கள் வாதம். நட்டை ஒரு இடத்தில் வெட்டி நேராக நிமிர்த்தியதாகக் கற்பனை செய்யுங்கள். சூட்டில் அந்தப் பட்டை நீளும். நீண்ட பட்டையை மறுபடி வளைத்தால் பெரிய வட்டம்தான் கிடைக்கும். ஆக, ஓட்டையும் விரிகிறது. கணக்குப் போட்டால் 10 மில்லிமீட்டர் ஓட்டை 300 டிகிரி சூட்டுக்கு 0.036 மில்லிமீட்டர் விரியும். முடியின் பாதித் தடிமன். இவ்வளவுதானா என்று தோன்றும், ஆனால் துரு இறுக்கி வைத்திருப்பதும் இதே அளவு இடத்தில்தான். போல்ட்டுக்குச் சூடு போய்ச் சேருவதற்குள் நட்டை மட்டும் வேகமாகக் காய்ச்சவேண்டும் என்பதுதான் சூட்சுமம். ஆறும்போது மரையின் வாயில் மெழுகுவர்த்தியை வைத்துத் தொட்டால், உருகிய மெழுகு மரைக்குள் ஓடிப் பாய்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அலுமினிய எஞ்சினில் இரும்பு போல்ட் இறுகியிருந்தால் நமக்கு அதிர்ஷ்டம். அலுமினியம் இரும்பைப்போல இரண்டு மடங்கு விரியும்.

நெருப்பு எடுக்கும் முன் பெட்ரோல் டாங்க் வெளியே போயிருக்கவேண்டும். பெட்ரோல் சுமார் மைனஸ் 40 டிகிரியிலேயே பற்றக்கூடிய ஆவியை விடும். காலி டாங்க் நிறைந்த டாங்கைவிட ஆபத்து, ஏனென்றால் அதற்குள் ஆவியும் காற்றும் கலந்து தயாராக இருக்கும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தைச் சூடாக்கவே கூடாது, விஷ வாயுவான பாஸ்ஜீன் உண்டாகும். பழைய பிரேக் டிரம்மைத் திறந்ததும் காற்றால் ஊதுகிற பழக்கத்தையும் விட்டுவிடவேண்டும். அந்தக் கருப்புத் தூளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத்துணியால்தான் எடுக்கவேண்டும்.

போல்ட் கால் சுற்று அசைந்துவிட்டால் உடனே கொண்டாடி முழுக்கத் திருகக்கூடாது. முன்னால் இருக்கும் துருத்தூள் மரையில் குவிந்து மறுபடி பூட்டிக்கொள்ளும். கால் சுற்று வெளியே, கொஞ்சம் உள்ளே, மறுபடி வெளியே. கிரீச் என்ற சத்தம் ஒவ்வொரு தடவையும் மெலிதாகிக்கொண்டே வரும். தூள் நகர்ந்த இடத்தில் எண்ணெய் போய் உட்காருகிறது என்று அர்த்தம்.

இத்தனையும் போல்ட்டுக்குப் பொருந்துகிற ஸ்பேனர் இருந்தால்தான். பழைய கார்களில் அதுவே ஒரு சரித்திரப் பாடம். 1841-இல் ஜோசப் விட்வொர்த் என்ற பொறியாளர் மரையின் பல்லுக்கு 55 டிகிரி கோணம் என்று பிரிட்டனில் ஒரு ஒழுங்கு கொண்டுவந்தார். அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864-இல் 60 டிகிரி என்றார். இரண்டு நாடுகளும் கனடாவும் ஒரே மரைக்கு ஒத்துக்கொள்ள 1948 ஆகிவிட்டது. விட்வொர்த் ஸ்பேனரில் பொறித்திருக்கும் எண் அதன் வாயின் அகலம் இல்லை, போல்ட் தண்டின் விட்டம். புதிதாக வருபவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வது இங்கேதான். எல்லாவற்றுக்கும் மேலே, பிரிட்டிஷ் கார் தயாரிப்பாளர் மோரிஸின் எஞ்சின். கவென்ட்ரியில் இருந்த ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் தொழிற்சாலையை மோரிஸ் 1923-இல் வாங்கினார். இயந்திரங்கள் எல்லாம் மெட்ரிக் மரை வெட்டுபவை. ஆனால் பிரிட்டிஷ் மெக்கானிக்குகளின் பையில் இருந்ததோ விட்வொர்த் ஸ்பேனர்கள். முடிவு: மெட்ரிக் மரை, விட்வொர்த் தலை. 1950-கள் வரை எம்.ஜி. கார்களின் எஞ்சினிலும் அந்த விசித்திரம் தொடர்ந்தது. தலை பொருந்துகிறதே என்று வேறு போல்ட்டைத் திருகினால் மரை கழன்றுபோகும், நமக்கும்தான்.

எவ்வளவு சூடாக்கியும் ஒரு சக்கர நட் வரவில்லை என்றால், திசை சரிதானா என்று பார்க்கவேண்டும். 1970-களின் தொடக்கம் வரை பல கிரைஸ்லர் கார்களின் இடதுபக்கச் சக்கரங்களில் இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்த்திசையில் திருகும் மரை, இருந்தது. கொஞ்சம் தளர்ந்த நட், சக்கரம் சுழலச் சுழல ஓட்டைக்குள் உருண்டு தானாகவே கழன்றுவிடும் என்ற பயம் அதற்குக் காரணம். சைக்கிளின் இடது பெடலிலும் இதே காரணத்துக்காகத்தான் இடது மரை. அந்தச் சக்கர நட் ஏறும் ஸ்டட்டின் (சக்கரத்திலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரைக் கம்பியின்) நுனியில் எல் என்ற ஆங்கில எழுத்து இருக்கும், துருவுக்கும் பெயின்ட்டுக்கும் அடியில்.

கழற்றும் வரிசையிலும் இயற்பியல் இருக்கிறது. எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டின் போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தவேண்டும். ஒவ்வொன்றும் சில டன் விசையில் அழுத்திக்கொண்டிருப்பதால், ஒரு பக்கத்தை மட்டும் முழுசாக விட்டால் ஹெட் வளைந்துவிடும். தனி சேசிஸ், அதாவது அடிச்சட்டம், இல்லாத கார்களில் உடலே எலும்புக்கூடு. கதவுக்கு அடியில் ஓடும் பெட்டி வடிவ விட்டம் துருப்பிடித்திருந்தால், கதவைக் கழற்றி அந்த விட்டத்தை வெட்டிய நிமிஷம் கார் நடுவில் தொய்ந்துவிடும். அதனால் கதவுகள் மாட்டியிருக்கும்போதே சுற்று இடைவெளியை நான்கு இடத்தில் அளந்து எழுதிவிட்டு, கதவு வாயின் குறுக்கே இரும்புக் குழாயை வெல்ட் செய்தபிறகுதான் வெட்டுவார்கள்.

எது எங்கிருந்து வந்தது என்பதையும் கூடவே காப்பாற்றவேண்டும். பிஸ்டனைக் கிராங்க்‌ஷாஃப்ட்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் கீழ் மூடியை மேல் பாதியோடு சேர்த்து வைத்தே துளை கடைந்திருப்பார்கள். பக்கத்து ராடின் மூடியை மாற்றிப் போட்டால் வட்டம் வட்டமாக இருக்காது. வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டின் ஒவ்வொரு மேடும், தன்னைத் தொட்டு மேலே தள்ளப்படும் டப்பெட்டோடு சேர்ந்து தேய்ந்து பழகியது. ஒரு பெட்டியில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டால் அந்தப் பழக்கம் போச்சு. புகைப்படம், எண் போட்ட பை, அட்டையில் ஹெட்டின் படம் வரைந்து அதே இடத்தில் துளையிட்டுச் செருகிய போல்ட்டுகள்: எதுவானாலும் சரி. வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்பதும் படத்தில் வரட்டும். இரண்டு வருஷம் கழித்து அது ஞாபகத்தில் இருக்காது.

அப்புறம் அந்தத் துருப்பிடித்த குவியல். வாஷிங் சோடா கரைத்த தண்ணீரில் போட்டு, 12 வோல்ட் சார்ஜரின் எதிர்முனையைத் துருப்பிடித்த பொருளுக்கும் நேர்முனையை ஒரு பழைய இரும்புத் துண்டுக்கும் கொடுத்தால், ஒரே இரவில் துரு கருப்புச் சேறாகிக் கழன்றுவரும். நேர்முனைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கூடாது, நச்சுக் குரோமியம் தண்ணீரில் கலக்கும். கிளம்பும் ஹைட்ரஜன் எரியும் வாயு, அதனால் திறந்த இடம் வேண்டும். அதே ஹைட்ரஜன் உறுதியான எஃகுக்குள் புகுந்தால் அதை நொறுங்கவைக்கும். எனவே தொட்டியில் போடுமுன் ஒவ்வொரு போல்ட்டின் தலையையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பார்க்கவேண்டும். அங்கே பொறித்திருப்பது அதன் உறுதியின் தர எண். 8.8 என்றிருந்தால் உள்ளே போகலாம். 10.9, 12.9 என்றோ, அங்குல போல்ட்டில் ஆறு கோடுகளோ தெரிந்தால் அதை எடுத்துத் தனியாக வைத்து, கையால் தேய்க்கவேண்டியதுதான்.