பாட்டியோ: முற்றமா, உள்முற்றமா, வளவா?

ஏப்ரல் பொறந்தா போதும், கோடைக்கு வீட்டை எப்படி அழகு பண்றதுன்னு ஃபோன்ல வரிசையா வந்து விழும், அதுல பாதி எங்கயோ வெளிநாட்டுல எழுதுனதை மிஷின் தமிழாக்குனது. உள் முற்றத்தைக் கழுவுங்கள், உள் முற்றத்துக் குடையை விரியுங்கள், உள் முற்றம் தளபாடங்களுக்கு மெத்தை போடுங்கள்னு போகும். எங்க செட்டிநாட்டுல, காரைக்குடியிலயோ கானாடுகாத்தான்லயோ உக்காந்து இதைப் படிச்சா ஒண்ணும் புரியாது. உள் முற்றம்னா நமக்கு வளவு. சுத்தி நாலு பக்கமும் தாழ்வாரம் இருக்கு, நடுவுல மட்டும் வானம், அங்க போயி குடை நட்டு என்ன பண்றது?

இந்தக் குழப்பத்துக்கெல்லாம் மூலம் ஆங்கிலத்துல வர்ற 'பாட்டியோ'ங்கற (patio) ஒரு சொல்லு, அதைத்தான் மிஷின் உள் முற்றம்னு போடுது. சிலர் பேட்டியோன்னு எழுதுறாங்க, எப்படி எழுதுனாலும் ஒண்ணுதான். எங்க பக்கம் பாட்டியே கெடையாது, ஆயாவும் அப்பத்தாவும்தான், அதுல பாட்டியோ எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்காதீங்க, ஸ்பெயின்லேருந்து வந்துச்சு.

ஸ்பானிஷ்ல பாட்டியோன்னா வீட்டுக்கு நடுவுல, மேல கூரையில்லாம, சுத்தி அறைங்க சூழ இருக்குற இடம். அந்தச் சொல்லுக்கு வேர் எதுன்னு அறிஞருங்க ஒரு முடிவுக்கு வரல. லத்தீன்ல 'திறந்து கிடத்தல்'னு பொருள்படுற வினையோட சிலர் சேர்ப்பாங்க, பழைய தெற்கு பிரெஞ்சுல தரிசு நிலத்துக்கு இருந்த சொல்லோட சிலர் சேர்ப்பாங்க. வேரு எதுவா இருந்தாலும் பொருள்ல சந்தேகம் இல்ல, அது அச்சு அசல் நம்ம வளவுதான். தெற்கு ஸ்பெயின்ல கோர்டோபான்னு ஒரு ஊரு, கோடையில 40 டிகிரி அங்க சர்வசாதாரணம். வெள்ளையடிச்ச சுவத்துல பூந்தொட்டியா மாட்டி, நடுவுல கிணறோ சின்ன நீரூத்தோ வச்சு, ஒவ்வொரு வீட்டு பாட்டியோவையும் அலங்காரம் பண்ணுவாங்க. வருஷா வருஷம் மே மாசம் அதுக்குன்னே ஒரு திருவிழா, கதவைத் திறந்து வச்சு யாரு வேணாலும் வந்து பாருங்கன்னு விடுவாங்க. 1921ல ஆரம்பிச்ச போட்டி அது, நடுவுல சில வருஷம் விட்டுப்போச்சு. 2012ல யுனெஸ்கோ அந்த விழாவை மரபுரிமைப் பட்டியல்ல சேத்துச்சு. வீட்டு நடுமுத்தத்தை ஊருக்கே திறந்து காட்டுற பழக்கம் நம்மகிட்ட இல்ல, நமக்குக் கல்யாணம்னாதான் வளவு வரைக்கும் ஊரு வரும்.

வெயில் ஊருல நடுவுல ஓட்டை விட்டு வீடு கட்டுறதுக்குக் காரணம் இருக்கு. ராத்திரி குளுந்த காத்து கனம், அது மேலேருந்து இறங்கி நடுமுத்தத்துல தங்கும், சுவரும் தரையும் அந்தக் குளுமையை வாங்கி வச்சுக்கும். பகல்ல சூடேறுன காத்து அதே வழியா மேல போகும், போற இடத்துக்குத் தாழ்வாரத்து நிழல்லேருந்து காத்து வரும். நம்ம வீடுகள்ல இன்னொரு வசதி, முகப்புல நின்னு பாத்தா பின்கட்டு வாசல் வரைக்கும் எல்லாக் கதவும் ஒரே நேர்க்கோட்டுல இருக்கும், அதனால காத்து தடங்கலில்லாம ஓடும். கோர்டோபாக்காரனும் கோட்டையூர்க்காரரும் ஒருத்தரை ஒருத்தர் பாக்காமலே ஒரே கணக்குக்கு வந்திருக்காங்க.

சரி, பொருள் எங்க மாறுச்சு? அமெரிக்காவுலதான். ஸ்பானிஷ்காரங்க கலிஃபோர்னியாவுக்கும் மெக்சிகோவுக்கும் வீட்டைக் கொண்டு போனப்ப பேரையும் கொண்டு போனாங்க. ஆங்கிலத்துல அந்தச் சொல்லு 1800கள்லயே ஏறிருச்சு, அப்ப அதுக்கு நடுமுத்தம்ங்கற பொருள்தான். இரண்டாம் உலகப்போருக்கு அப்புறம் அங்க ஊருக்கு வெளிய தோட்டத்தோட தனித்தனி வீடா கட்டித் தள்ளுனாங்க, வீட்டுக்குப் பின்னாடி கல்லோ சிமெண்டோ போட்ட ஒரு தளம், அங்க நாலு நாக்காலி, ஒரு மேசை, கறி சுடுற அடுப்பு. அதுக்கும் பாட்டியோன்னே பேரு ஒட்டிக்கிச்சு. உள்ள இருந்தது வெளிய போயிருச்சு, பேரு மட்டும் பழசு. அகராதியில மொதப் பொருளை எடுத்துப் போட்டா உள் முற்றம், படத்தைப் பாத்தா கொல்லை. மிஷினுக்குப் படம் பாக்கத் தெரியாது, அதான் விஷயம்.

இப்ப நம்ம முற்றத்துக்கு வருவோம். பேச்சுல முத்தம்னுதான் வரும், முத்தத்துல உக்காருவோம்னு சொன்னா இளசுக சிரிக்கும், சிரிக்கட்டும். நெடுநல்வாடையில "தருமணல் ஞெமிரிய திருநகர் முற்றத்து"ன்னு ஒரு வரி வருது, கொண்டாந்த மணலைப் பரப்புன மாளிகை முற்றம்னு அர்த்தம். அந்தப் பாட்டுல உயரமான வாயிலைச் சொல்லிட்டுத்தான் இந்த முற்றத்தைச் சொல்லுது, வாயிலைத் தாண்டுனதும் மணல் பரப்புன வெளி. இன்னைக்கும் யாழ்ப்பாணத்துல முற்றம்னா வீட்டுக்கு முன்னால பெருக்கிக் கோலம் போடுற வெளிதான். மலையாளத்துலயும் முற்றம்னா வெளிய இருக்குறது, உள்ள இருக்குறதுக்கு அவங்க நடுமுற்றம்னு தனியா அடைமொழி போட்டுச் சொல்றாங்க. தமிழ்நாட்டுலதான் முற்றம்னு சொன்னதுமே நாலு தூணு, நடுவுல மழை விழுற படம் மனசுல வருது, சினிமா காட்டுன வீடுங்கதான் அதுக்குக் காரணம்னு எனக்கொரு சந்தேகம். பழைய நூல்கள்ல முன்றில்னு இன்னொரு சொல்லு வரும், இல்முன்ங்கறது முன்பின்னா திரும்பி முன்றில் ஆனது, இலக்கணப்போலிக்கு ஸ்கூல்ல சொல்ற உதாரணமே அதுதான். அதுவும் வீட்டுக்கு முன்னாடி உள்ள இடம்தான்.

அதனால என் கணக்குல, அமெரிக்க பாட்டியோவுக்கு சரியான தமிழ் வெறும் 'முற்றம்'. பின்னாடி இருந்தா பின்முற்றம், கல்லு போட்டிருந்தா கல்முற்றம். ஸ்பானிஷ் பாட்டியோவுக்கு உள்முற்றம், நடுமுற்றம் ரெண்டும் சரி, செட்டிநாட்டுல அதுக்கு வளவுன்னு சொல்லு இருக்கும்போது நான் அதையே எழுதுவேன். ஆனா வளவுன்னா நமக்கு அந்தத் திறந்த வெளி மட்டும் இல்ல, சுத்தி உள்ள தாழ்வாரம், அதுக்குப் பின்னாடி புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு ஜோடிக்கும், ஒரு அறைன்னு பங்காளிங்களுக்குப் பிரிச்ச அறைங்க எல்லாம் சேந்ததுதான் வளவு. இலங்கையில இதே வளவு வீட்டைச் சுத்தியுள்ள காணிக்குப் பேரு. சொல்லு ஊருக்கு ஊரு உள்ளயும் வெளியயும் நடக்குறது ஸ்பானிஷ்ல மட்டும் இல்ல பாருங்க.

பேரு எதுவா இருந்தா என்ன, அழகா இருந்தா சரின்னு சொல்றவங்களுக்கு ஒரு விஷயம். கல்முற்றத்துக்குச் சொன்ன யோசனையை வளவுல செஞ்சா வம்பு. கறி சுடுற கரி அடுப்பை அங்க வச்சா புகை நாலு பக்க அறைக்குள்ளயும் பூந்து உக்காந்துக்கும், பர்மா தேக்குல படிஞ்ச கரியைத் துடைக்கிறவங்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். வெளியில மண்ணுல நடுற விளக்கை இங்க நட மண்ணு இல்ல. அதே மாதிரி வளவுல இருக்குறதைப் பாத்து ஆசைப்பட்டு ஆத்தங்குடிக் கல்லைக் கொண்டுபோயி திறந்தவெளி முற்றத்துல பதிக்கிறாங்க. அந்தக் கல்லு சூளையில வெந்தது கெடையாது, கண்ணாடித் தகட்டு மேல அச்சு வச்சு, கலர் கலந்த சிமெண்டுக் கூழை அதுக்குள்ள கையால ஊத்தி, பின்னாடி மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, தண்ணியில ஊறப்போட்டு எடுக்குறது, அந்த பளபளப்பு கண்ணாடி குடுத்தது. நேர் வெயிலும் மழையும் பட்டா நிறம் மங்கிரும். பழைய வீடுகள்லயே கவனிங்க, தாழ்வாரத்துல பூக்கல்லு, வானம் பாக்குற இடத்துல கருங்கல்லு.

வளவுல கோடை விருந்து வைக்கணும்னா சாயங்காலம்தான். கத்திரி வெயில் நேரத்துல மத்தியானம் அந்தக் கருங்கல்லுல கால் வைக்க முடியாது. அஞ்சு மணிக்கு மேல நாலு வாளி தண்ணியைச் சரக்குன்னு ஊத்தினா உஸ்ஸுன்னு ஆவி கெளம்பும், ஒரு மண்வாசனையும் சேந்து வரும், இன்னொரு தடவை ஊத்தணும், ரெண்டாவது தடவை ஆவி வராது, அப்ப கை வச்சுப் பாத்துட்டு பவானி ஜமக்காளத்தை விரிக்கலாம். உருளியில தண்ணி விட்டு நாலு பூ மிதக்க விட்டா அலங்காரம் முடிஞ்சுச்சு, அதுக்கு மேல அடைக்காதீங்க, காத்து போக இடம் வேணும். சீரியல் லைட்டைத் தூணைச் சுத்திச் சுத்தாம தாழ்வாரத்து ஓட்டு விளிம்போட ஓட விட்டா கண்ணுல குத்தாது. முறுக்கும் சீப்புச் சீடையும் வைக்க பீங்கான் கிண்ணம் தேடி அலையவேணாம், பரண்ல கொட்டான் கெடக்கும், பனையோலையில முடைஞ்சது, கீழ விழுந்தாலும் உடையாது. அதே கொட்டானுக்கு இப்ப புவிசார் குறியீடு எல்லாம் வாங்கியாச்சு, வீட்டுல உள்ளவங்க அதுல வெங்காயம் போட்டு வச்சிருப்பாங்க.

அந்த மிஷின் தமிழ்ல 'வெளிப்புற பொழுதுபோக்கு'ன்னு ஒண்ணு வருமே, அதையும் சொல்லிர்றேன். மூலத்துல உள்ளது எண்டர்டெயினிங். சினிமா பாத்தா எண்டர்டெயின்மெண்ட், அதனால பொழுதுபோக்குன்னு போட்ருச்சு. வீட்டுக்கு நாலு பேரைக் கூப்பிட்டு உக்கார வச்சு ஆகாரம் குடுத்துப் பேசிக்கிட்டிருக்கறதுக்கும் அவங்க ஊருல அதே சொல்லுதான். லத்தீன் வழியா பிரெஞ்சுக்கு வந்து ஆங்கிலத்துக்குப் போனது, ஒருத்தரை நடுவுல தாங்கி வச்சுக்கறதுங்கற மாதிரி பொருள். நமக்கு அது விருந்து. விருந்துன்னா மொதல்ல புதுசுன்னு அர்த்தம், அப்புறம் புதுசா வந்த ஆளு, அதுக்கப்புறம்தான் அந்த ஆளுக்குப் போடுற சாப்பாடு. அதனால 'முற்றத்துல விருந்து'ன்னு எழுதினா வேலை முடிஞ்சுது, வெளிப்புற பொழுதுபோக்குன்னு எழுதினா சீட்டாட்டம்னு நெனச்சுக்குவாங்க.

கூடவே வர்ற மத்த சொல்லுங்களையும் ஓட்டமா பாத்துருவோம். பெர்கோலாங்கறது இத்தாலியன், முன்னால நீட்டுன கூரைங்கற லத்தீன் சொல்லுலேருந்து வந்தது, தூணு நட்டு மேல சட்டம் போட்டு கொடி ஏத்துறது, நம்ம கொடிப்பந்தலேதான். பந்தலை ஆங்கிலமே நம்மகிட்டேருந்து வாங்கி அகராதியில போட்டு வச்சிருக்கு, நாம பெர்கோலா கட்டித் தாங்கன்னு கேட்டுக்கிட்டிருக்கோம். டெக்குன்னா மரத்தளம், மூடுறது, கூரைன்னு பொருள்படுற பழைய டச்சுச் சொல்லுலேருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. வராந்தாவுக்குத் தாழ்வாரம் இருக்கு. திண்ணைக்கு மட்டும் பதில் சொல்லு ஆங்கிலத்துல தேடாதீங்க, தெருவுல போறவங்களுக்குன்னு வீட்டுக்காரரு கட்டி விட்ட மேடைக்கு அவங்ககிட்ட என்ன பேரு இருக்கப்போவுது.

புதுசா வீடு கட்டுறவங்க கொத்தனார்கிட்ட பாட்டியோ வேணும்னு சொன்னா படத்தைக் காட்டுங்கன்னுதான் கேப்பாரு. பின்னாடி முத்தத்துல கருங்கல்லு பாவணும், வீட்டுச் சுவத்துலேருந்து வெளிப்பக்கமா அடிக்குக் கால் இஞ்சு வாட்டம் வேணும்னு சொல்லிப் பாருங்க, அவரே தண்ணியைக் கெணத்துப் பக்கம் விடவா தென்னைக்கு விடவான்னு கேட்டுக்கிட்டு நூலைப் பிடிச்சுருவாரு.