மைண்ட்ஃபுல்னெஸ்: தமிழில் நற்கடைப்பிடி

அலுவலகப் பயிற்சி வகுப்பு, கைபேசிச் செயலி, மனநல ஆலோசனை என்று இன்று பல இடங்களில், செய்வதில் மனத்தை வைத்திருக்கும் பயிற்சியைக் குறிக்கும் மைண்ட்ஃபுல்னெஸ் என்ற சொல் காதில் விழுகிறது. தமிழில் எழுதுகிறவர்கள் இதற்கு ஆளுக்கொரு சொல் போடுகிறார்கள்: விழிப்புணர்வு, முழுக்கவனம், மனநிறைவு, நினைவாற்றல். இவற்றில் மனநிறைவு வெறும் பிழை. அது திருப்தியைச் சொல்லும் சொல். ஆங்கிலச் சொல்லை இரண்டாக உடைத்து மனம், நிறைவு என்று ஒட்டியதால் வந்த வினை அது. மற்றவற்றை எடைபோட வேண்டுமானால் சொல்லின் வேருக்குப் போக வேண்டும்.

மூலச்சொல், பழைய பௌத்த நூல்கள் இருக்கும் பாலி மொழியின் சதி. வடமொழியில் ஸ்மிருதி. இரண்டும் நினைத்தல் என்ற பொருளுள்ள ஒரே வேரிலிருந்து பிறந்தவை. பாலிச் சூத்திரங்கள் சதியை விளக்கும்போது, நெடுநாள் முன் செய்ததையும் சொன்னதையும் நினைவில் வைத்திருப்பது என்றே சொல்கின்றன. திபெத்தியர்களும் சீனர்களும் இதை மொழிபெயர்த்தபோது நினைவைக் குறிக்கும் தங்கள் சொற்களையே எடுத்தார்கள். ஆங்கிலத்தில் மைண்ட்ஃபுல்னெஸ் என்ற பெயர்ப்பை நிலைநிறுத்தியவர் ரீஸ் டேவிட்ஸ். இலங்கையில் பிரிட்டிஷ் அரசு அதிகாரியாக இருந்தபோது பாலி கற்றவர். 1881இல் வெளிவந்த அவருடைய சூத்திர மொழிபெயர்ப்பில் இந்தச் சொல் இருக்கிறது. அன்றைய ஆங்கிலத்திலும் அதற்கு மறவாமை என்ற பொருள் உயிரோடு இருந்தது. விவிலியத்தின் 8ஆம் சங்கீதத்தில் ‘மனுஷனை நீர் நினைக்கிறதற்கும்’ என்று நாம் படிக்கும் இடத்தில், பழைய ஆங்கிலப் பெயர்ப்பில் நிற்பது மைண்ட்ஃபுல் என்ற சொல்தான்.

அப்புறம் 1979. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபாட்-ஜின், தீராத வலியோடும் மன அழுத்தத்தோடும் வாழ்கிறவர்களுக்காக பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். நிகழும் கணத்தில், நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல், வேண்டுமென்றே கவனம் வைப்பது என்ற விளக்கம் அவர் வழியாகத்தான் பரவியது. அந்தப் பயிற்சியால் பயன்பெற்றவர்கள் ஏராளம்; அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அது பரவப் பரவ, சொல்லிலிருந்து நினைவு கழன்று போய்க் கவனம் மட்டும் மிஞ்சியது. இன்று பலருக்கு அது கண்ணை மூடிப் பத்து நிமிடம் ஓய்வெடுப்பது என்ற அளவில் நின்றுவிட்டது.

புத்தர் சொன்ன சதிக்குத் தீர்ப்பு உண்டு. பாலி நூல்களில் அதற்கு ஓர் உவமை வருகிறது: எல்லைப்புற நகரத்தின் வாயிற்காவலன். தெரிந்தவரை உள்ளே விடுவான், தெரியாதவரைத் தடுப்பான். வருகிறவரை வெறுமனே வேடிக்கை பார்ப்பது அவன் வேலையல்ல; யாரை விடலாம், யாரை விடக்கூடாது என்பது அவனுக்கு நினைவிருக்க வேண்டும்.

இந்தக் காவல் மனத்தில் எங்கே நடக்கிறது என்று பார்க்க, பௌத்தக் காப்பியமான மணிமேகலை பெரிய துணை. பௌத்தத்தின் பன்னிரு சார்புகளையும், அதாவது ஒன்றைச் சார்ந்து அடுத்தது எழும் பன்னிரண்டு கண்ணிகளையும், அது நல்ல தமிழில் வைத்திருக்கிறது: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். இதில் வாயில் என்பது ஐம்புலனும் மனமும். ஊறு என்றால் வெளிப்பொருள் புலனைத் தொடுவது. நுகர்வு என்பது அப்போது எழும் இன்பம், துன்பம், அல்லது இரண்டுமில்லாத உணர்ச்சி. பாலியில் இதற்கு வேதனா என்று பெயர். தமிழில் வேதனை என்றால் துன்பம் மட்டுமே என்பதால், நுகர்வு என்ற பழைய சொல்லே இங்கே பொருத்தம்.

இனி அன்றாடத்துக்கு வருவோம். இரவு ஒன்பதரை மணி, சாப்பாட்டுத் தட்டின் பக்கத்தில் கைபேசி அதிர்கிறது. மேலாளரின் வாட்ஸ்அப் செய்தி: ‘இன்னும் முடியலையா?’ கண் வாயில். எழுத்து கண்ணில் படுவது ஊறு. நெஞ்சுக்குள் சுருக்கென்று ஒன்று இறுகுகிறதே, அது நுகர்வு. உடனே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற வேகம் வேட்கை. சோற்றுக்கையைத் துடைக்கக்கூடப் பொறுக்காமல் இடது கைக் கட்டைவிரல் தட்டச்சு செய்ய ஆரம்பித்துவிடுகிறது. இதெல்லாம் இரண்டு மூன்று நொடிக்குள். சதிக்கு இடம் இருப்பது நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவில் உள்ள அந்தச் சிறு இடைவெளியில். நெஞ்சு இறுகியிருக்கிறது என்று தெரிய வேண்டும். கூடவே, சினத்தில் பதில் எழுதுவதில்லை என்று தான் எடுத்த முடிவும் நினைவுக்கு வர வேண்டும். முதலாவது மட்டும் இருந்தால், இறுக்கத்தை நன்றாகக் கவனித்துக்கொண்டே கடுமையான பதிலையும் அனுப்பிவிட முடியும். சதி இரண்டையும் கேட்கிறது.

இதற்குத் தனி அறையோ மெத்தையோ கட்டாயமில்லை. சதியைப் பயிலும் முறையைச் சொல்லும் பாலி நூலான சதிபட்டானச் சூத்திரம் மூச்சில் தொடங்குகிறது, சரி. ஆனால் அடுத்தாற்போலவே நடப்பது, நிற்பது, கையை மடக்குவது நீட்டுவது, உண்பது, குடிப்பது, மலசலம் கழிப்பது, பேசுவது, பேசாமலிருப்பது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறது. அன்றாட வாழ்க்கைக்குப் பௌத்தத்தைப் பொருத்துவது நம் காலத்தின் கண்டுபிடிப்பு இல்லை. அது மூலத்திலேயே இருக்கிறது.

சரி, தமிழ்ச் சொல் எது? சதி என்றே எழுத முடியாது. தமிழ் வாசகருக்குச் சூழ்ச்சியும் உடன்கட்டையும்தான் நினைவுக்கு வரும். ஸ்மிருதி என்றால் மனு நூல் முன்னால் வந்து நிற்கும். விழிப்புணர்வு என்ற சொல்லை டெங்கு ஒழிப்புப் பேரணிக்கும் வாக்காளர் முகாமுக்கும் கொடுத்துவிட்டோம். முழுக்கவனம் பாதிப் பொருளைத் தருகிறது. நினைவாற்றல் தேர்வுக்குப் படிக்கும் மாணவனுடையது.

புத்தர் சொன்ன எட்டு உறுப்புள்ள நெறியான எண்வழியின் ஏழாம் உறுப்பு சம்மா சதி, அதாவது நல்ல சதி. அதைத் தமிழில் நற்கடைப்பிடி என்று எழுதும் வழக்கம் உண்டு. இன்று கடைப்பிடி என்றால் விதியைப் பின்பற்று என்ற ஏவல்தான் நமக்குத் தோன்றுகிறது. பழைய பொருள் அதைவிட ஆழமானது. இறையனார் களவியல் உரை ஆண்மகனின் நான்கு குணங்களாக அறிவு, நிறை, ஓர்ப்பு, கடைப்பிடி ஆகியவற்றைச் சொல்லி, கடைப்பிடி என்பது ‘கொண்ட பொருள் மறவாமை’ என்று விளக்குகிறது. சதிக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் எந்த மொழியிலும் பார்த்ததில்லை. குறளின் 54ஆம் அதிகாரமான பொச்சாவாமையும், அதாவது மறந்து சோர்ந்துவிடாமையும், இதன் பக்கத்து வீடுதான். ஆனால் அதற்கு இன்னும் நெருங்கிய இணை, பௌத்த அறநூலான தம்மபதத்தின் இரண்டாம் அதிகாரம் பேசும் அப்பமாதம், அதாவது அசட்டையின்மை. புத்தரின் இறுதி உபதேசத்திலும் வருவது அந்தச் சொல்லே. ஆகவே பொச்சாவாமையை அப்பமாதத்துக்கு விட்டுவிட்டு, சதிக்குக் கடைப்பிடியை வைப்பது முறை.

பேச்சுக்கு நற்கடைப்பிடி கொஞ்சம் கனம். அங்கே நம்மிடம் ஏற்கெனவே நினைவு இருக்கிறது. மயங்கி விழுந்தவரை ‘நினைவில்லாமல் கிடக்கிறார்’ என்கிறோம், தெளிந்தால் ‘நினைவு திரும்பியது’ என்கிறோம். தட்டில் கை வைத்தபடி வேறெங்கோ பார்க்கும் பிள்ளையிடம் அம்மா ‘எந்த நினைப்பில் இருக்கே?’ என்று கேட்கிறாள். ஞாபகம், உணர்வு, கவனம் மூன்றும் இந்த ஒரே சொல்லில் அடங்கியிருக்கின்றன. எனவே பௌத்த நூல்களிலும் கட்டுரைகளிலும் நற்கடைப்பிடி என்றும், பயிற்சி வகுப்பிலும் செயலியிலும் நினைவோடு இருத்தல் என்றும் எழுதலாம். நினைவோடு உண்ணுங்கள், நினைவோடு மூச்சு விடுங்கள், நினைவோடு பதில் எழுதுங்கள் என்று சொன்னால் யாருக்கும் அகராதி தேவைப்படாது.