'டூயல் த்ரெட்' குவார்ட்டர்பேக்: சொல் விளக்கம்

அமெரிக்கன் ஃபுட்பாலில் 'டூயல் த்ரெட்' என்றால் பந்தை எறியவும் தெரிந்த, பந்தோடு ஓடவும் தெரிந்த குவார்ட்டர்பேக். அகராதிப் பொருள் அவ்வளவுதான். ஆனால் இந்தப் பட்டம் பெரும்பாலும் யார் மேல் ஒட்டப்படுகிறது என்று பார்த்தால்தான் மீதிப் பொருள் பிடிபடும், அந்த மீதிதான் பெரிசு.

முதலில் குவார்ட்டர்பேக் யார் என்று பார்த்துவிடலாம். களத்தில் நிற்கும் 11 பேரில், முன்வரிசையின் நடுவில் நிற்கும் சென்டர் தன் கால்களுக்கு நடுவே பின்பக்கமாகத் தள்ளும் பந்தை வாங்குகிறவர் இவர். எதிரணித் தடியர்கள் மேலே வந்து விழுவதற்குள், இரண்டு மூன்று வினாடியில், யாருக்கு எறிவது, யார் கையில் கொடுப்பது, இல்லை தானே ஓடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். முன்வரிசைக்குப் பின்னால் எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள் என்பதை வைத்து குவார்ட்டர், ஹாஃப், ஃபுல் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே பெயர் வைத்துவிட்டார்கள். தமிழில் 'கால்பின்னர்' என்று மாற்றலாம்தான், ஆனால் படிப்பவர் கால் என்றதும் காலாகிய உறுப்பைத்தான் நினைப்பார். கறுப்பின குவார்ட்டர்பேக்குகளின் கதையில் அந்தக் குழப்பம் தமிழுக்கு முன்னாலேயே நடந்துவிட்டது என்பது வேறு விஷயம்: எறியும் கையை விட்டுவிட்டு அவர்களுடைய ஓடும் காலைத்தான் பார்த்தார்கள்.

'த்ரெட்' எங்கிருந்து வந்தது? முன்னோக்கிப் பந்தை எறிய 1906-ல்தான் விதி அனுமதித்தது. அதற்குப் பிறகு ஓட்டம், எறிதல், உதைத்தல் மூன்றிலும் கெட்டிக்காரராக இருந்தவரை 'ட்ரிபிள் த்ரெட்' என்று கொண்டாடினார்கள். எதிரணிக்கு மூன்று பக்கமும் தலைவலி கொடுப்பவர் என்று பொருள், முழுக்க முழுக்கப் பாராட்டு. அப்புறம் உதைப்பதற்கென்றே தனி ஆட்கள் வந்தார்கள், மூன்று இரண்டானது. பள்ளி மாணவர்களைத் தரம் பிரித்துப் பட்டியல் போடும் இணையதளங்கள் குவார்ட்டர்பேக்குகளை 'ப்ரோ ஸ்டைல்', 'டூயல் த்ரெட்' என்று இரண்டு பெட்டியில் போட்டன. ஒரு பெட்டியின் பெயரிலேயே 'ப்ரோ' இருக்கிறது பாருங்கள், அப்படியானால் இன்னொரு பெட்டியில் இருப்பவன் தொழில்முறை ஆட்டத்துக்கு லாயக்கில்லாதவனா?

இந்தச் சந்தேகத்துக்கு வயது அதிகம். 1934 முதல் 1945 வரை என்எஃப்எல் என்ற தொழில்முறை லீகில் ஒரு கறுப்பின வீரர்கூட ஆடவில்லை. திரும்பச் சேர்த்துக்கொண்ட பிறகும் ஓட, பிடிக்க, தடுக்க என்றுதான் எடுத்தார்கள். ஆட்டத்தை நடத்தும் இடத்தை வெள்ளையருக்கே வைத்துக்கொண்டார்கள். இதற்கு விளையாட்டுச் சமூகவியலில் 'ஸ்டாக்கிங்' என்று பெயர், ஒரு இனத்தாரைச் சில இடங்களில் மட்டும் குவித்து வைப்பது. ஜான் லாய், ஜோசப் மெக்கெல்வோக் என்ற இருவர் 1970-ல் இதை ஆராய்ந்து எழுதினார்கள்: முடிவெடுக்கும் நடு இடங்களில் வெள்ளையர், ஓரங்களில் கறுப்பினத்தவர்.

மார்லின் பிரிஸ்கோ கதையைப் பாருங்கள். ஒமாஹா பல்கலைக்கழகத்தில் குவார்ட்டர்பேக். 1968-ல் டென்வர் பிராங்கோஸ் அவரைத் தற்காப்பு வீரராகத்தான் எடுத்தது. குவார்ட்டர்பேக்காக ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அவர் ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்கினார். காயங்களால் இடம் காலியாக, உள்ளே வந்து அந்த சீசனில் 14 டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்த்துப் புள்ளி எடுப்பது) எறிந்தார், ஒரு புதுமுகத்துக்கு அது பெரிய விஷயம். அடுத்த ஆண்டு அந்த இடத்துக்கு அவரைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. விலகி பஃபலோவுக்குப் போனார், அங்கே பந்து பிடிக்கும் ரிசீவர் ஆனார். இன்னொரு கறுப்பின குவார்ட்டர்பேக் வாரன் மூன் 1978-ல் ரோஸ் பவுல் என்ற பெரிய கல்லூரி ஆட்டத்தின் சிறந்த வீரர், ஆனாலும் டிராஃப்டில், அதாவது என்எஃப்எல் அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், ஒரு அணியும் எடுக்கவில்லை. இடம் மாறி ஆடச் சம்மதிக்காமல் கனடா போய் எட்மண்டனுக்கு வரிசையாக ஐந்து கோப்பை வாங்கிக் கொடுத்த பிறகு, 1984-ல்தான் என்எஃப்எல்லின் ஹூஸ்டன் அணி கூப்பிட்டது.

இன்றைக்கு யாரும் 'இவன் மூளைக்கு இந்த இடம் சரிப்படாது' என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. 'நல்ல அத்லெட்' என்பார்கள், 'இயற்கையான உடல்வாகு' என்பார்கள், 'டூயல் த்ரெட்' என்பார்கள். காலைப் புகழ்ந்துகொண்டே கையைச் சந்தேகப்படுவது.

2018 டிராஃப்டில் லாமர் ஜாக்சனுக்கு நடந்தது இதற்கு அச்சு அசலான உதாரணம். லூயிவில் பல்கலைக்கழகத்தில் 2016-ல் கல்லூரி ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கிய கறுப்பின குவார்ட்டர்பேக். அவரை ரிசீவராக மாற்ற வேண்டும் என்றார் பில் போலியன், பல ஆண்டுகள் அணிகளைக் கட்டியவர், ஆட்டத்தின் ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இருப்பவர். சொன்ன காரணங்களில் ஒன்று, ஜாக்சன் குள்ளமாம். அதே டிராஃப்டில் முதலாவதாகப் போன பேக்கர் மேஃபீல்டு ஜாக்சனைவிட உயரம் குறைவு! ஏழாவதாகப் போன வெள்ளையர் ஜோஷ் ஆலன் கல்லூரியில் எறிந்த பந்துகளில் நூற்றுக்கு 56தான் போய்ச் சேர்ந்தன, ஜாக்சனுக்கு 57. ஆலனுக்கு 'பெரிய கை' என்ற பெயர், ஜாக்சன் முதல் சுற்றின் கடைசி ஆளாக 32ஆவது இடத்தில் பால்டிமோர் ரேவன்ஸுக்குப் போனார்.

2019 சீசனின் முதல் ஆட்டம், மயாமிக்கு எதிராக. ஜாக்சன் 20 பந்து எறிந்து 17 சேர்த்தார், 324 கெஜம், 5 டச்டவுன். ஓடியது வெறும் 6 கெஜம். ஆட்டம் முடிந்து நிருபர்களிடம், 'ஒரு ரன்னிங் பேக்குக்கு இது மோசமில்லை' என்றார், ரன்னிங் பேக் என்றால் பந்தோடு ஓடுவதே வேலையாக இருப்பவர். அந்த ஆண்டு ஒரு ஓட்டுகூடச் சிதறாமல் எம்விபி, அதாவது லீகின் சிறந்த வீரர், ஆனார், போலியனும் தான் சொன்னது தப்பு என்று ஒத்துக்கொண்டார்.

இதற்கு இன்னொரு முனையும் உண்டு. பிலடெல்பியா ஈகிள்ஸின் கறுப்பின குவார்ட்டர்பேக் டானவன் மெக்னாப் ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டு எறிந்தே ஜெயிக்க முயன்றார். 2005-ல் அவரைக் கடுமையாகத் தாக்கி எழுதியவர் அந்த ஊரின் கறுப்பின உரிமைச் சங்கத் தலைவர், ஏன் ஓடுவதில்லை என்று. ஓடினால் தலை இல்லாதவன், ஓடாவிட்டால் இனத்தை விட்டுக்கொடுத்தவன். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'இரட்டை அச்சுறுத்தல்' என்று அப்படியே போட்டால் யாரோ போலீசில் புகார் கொடுத்த மாதிரி இருக்கும். 'இருமுனைத் தாக்குதல்' விளையாட்டுப் பக்கத்துக்குப் பழகிய சொல், ஆனால் அது அணியின் உத்திக்குப் பொருந்தும், ஆளுக்குப் பொருந்தாது. கிரிக்கெட்டின் ஆல்ரவுண்டரும் சரிவராது, அது வேறு வேலை. என் தேர்வு 'இருதிறன் வீரர்', குவார்ட்டர்பேக்கை அப்படியே விட்டுவிடலாம்.

ஒரு எச்சரிக்கை மட்டும். திறமையைச் சொல்லும் இடத்தில்தான் இருதிறன் வீரர். 2018 டிராஃப்ட் பேச்சைத் தமிழில் எழுதும்போது 'இருதிறன் வீரர் ஜாக்சன்' என்று எழுதினால் குத்தல் காணாமல் போய்விடும். 'டூயல் த்ரெட் என்று முத்திரை குத்தப்பட்ட ஜாக்சன்' என்றே எழுதுங்கள். ஜோஷ் ஆலனுக்கு இருதிறன் வீரர் என்று தாராளமாகப் போடலாம், 2023-ல் மனிதர் ஓடியே 15 டச்டவுன் எடுத்திருக்கிறார்.